ஜாக்சனுக்குப் பின் வந்த கலெக்டர்

பாஞ்சாலங்குறிச்சிக் கதையில் வெள்ளைக்கார அதிகாரி என்றதும் ஜாக்சன் துரையின் முகம்தான் முதலில் நினைவுக்கு வரும். அது சி.ஆர்.பார்த்திபனின் முகம். 1959-இல் பி.ஆர்.பந்துலு இயக்கிய படத்தில் சிவாஜி கணேசனுக்கு எதிரே நின்று வரி கேட்ட அந்தக் காட்சி, இரண்டு தலைமுறைத் தமிழருக்கு வரலாற்றுப் பாடமாகவே ஆகிவிட்டது. ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் பள்ளி ஆண்டுவிழா என்றால் ஒரு பையன் கட்டபொம்மனாகவும் இன்னொருவன் ஜாக்சனாகவும் மேடை ஏறுவது இன்றும் வழக்கம்.

ஆனால் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபோது ஜாக்சன் கலெக்டராகவே இல்லை. அவரை அந்தப் பதவியிலிருந்து இறக்கியது அவருடைய சொந்தக் கிழக்கிந்தியக் கும்பினி அரசு. கட்டபொம்மன் மீது குற்றமில்லை, தவறு கலெக்டருடையது என்று விசாரித்துச் சொன்ன அதே அரசு, ஓர் ஆண்டுக்குள் கட்டபொம்மனைக் கொன்றது. இடைப்பட்ட மாதங்களில் அந்த நாற்காலியில் இருந்தவர் ஸ்டீபன் ரம்போல்டு லூஷிங்டன். பாளையங்களின் முடிவை எழுதியதில் ஜாக்சனின் கோபத்தைவிட இவருடைய பேனாவுக்குப் பங்கு அதிகம். நம் கதைப்பாடலிலும் நாடகத்திலும் திரையிலும் பெரிய இடம் பெறாத இந்த மனிதரின் பணிவாழ்வைப் பின்தொடர்ந்தால், அதிகாரம் தன் ஆட்களை எப்படி வளர்த்து எப்படி உயர்த்தியது என்பது துலங்கும்.

லூஷிங்டன் 1776-இல் பிறந்தவர். கட்டபொம்மனைவிடப் பதினாறு வயது இளையவர். தந்தை பாதிரியார். சிற்றப்பா சர் ஸ்டீபன் லூஷிங்டன், கும்பினியின் இயக்குநர் அவைத் தலைவராக இருந்தவர். அந்தக் காலத்தில் கும்பினி வேலைக்குத் தேர்வு கிடையாது. இயக்குநர் ஒருவர் கைகாட்டினால் போதும். வேலைக்கு வருவோரைப் பயிற்றுவிக்கும் ஹெய்லிபரி கல்லூரிகூட 1806-இல்தான் வந்தது. ஆகவே லூஷிங்டன் பதினாறு வயதுப் பையனாகவே சென்னைக் கோட்டையில் உத்தியோகத்தில் அமர்ந்தார். பாரசீகம் கற்றார். வருவாய் வாரியத்தில் பாரசீக மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். நவாப்பின் அரண்மனையோடு நடந்த கடிதப் போக்குவரத்து முழுதும் பாரசீகத்தில் இருந்ததால், அந்த மேசை சாதாரண மேசை அல்ல. யார் எவ்வளவு பாக்கி, எவருக்கு எவர் பகை என்ற தகவலெல்லாம் அதன் மேல்தான் வந்து விழும்.

1797-இல் அவர் தளபதி ஜார்ஜ் ஹாரிஸின் மகளை மணந்தார். ஹாரிஸ் சென்னைப் படையின் தலைவர். 1798 பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை தற்காலிக கவர்னராகவும் இருந்தார். அந்த ஆண்டு மருமகன் வருவாய் வாரியத்தின் செயலாளர் ஆனார். திறமை இருந்தது என்பதில் ஐயமில்லை. அந்தத் திறமை முன்னே நடக்க வழி திறந்துவிட்டது உறவுதான் என்பதிலும் ஐயமில்லை.

அவர் செயலாளராக இருந்த காலத்தில்தான் தெற்கே ஜாக்சன் விவகாரம் வெடித்தது. அதன் பின்னணி சற்று விரிவாகவே சொல்லப்பட வேண்டும். ஆற்காட்டு நவாப் கும்பினியிடம் பட்ட கடனுக்கு ஈடாக, 1792 உடன்படிக்கையின்படி பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை கும்பினிக்குப் போனது. இந்தக் கப்பத்துக்குப் பேஷ்குஷ் என்று பெயர். அதை வசூலிக்கவென்றே ஒரு கலெக்டர். நிலத்தின் பேரளவு அரசர் நவாப், பாளையத்தை நடைமுறையில் ஆண்டவர் பாளையக்காரர், பணம் போய்ச் சேர்ந்ததோ கும்பினியிடம். இப்படி மூன்று அதிகாரங்கள் ஒரே கரிசல் மண்ணில் நின்றன. மழை பொய்த்தால் பருத்தியும் கம்பும் பொய்க்கும், கப்பமும் நிற்கும். கணக்குப் புத்தகத்துக்கு மழை தெரியாது.

1798 ஆகஸ்ட் 18 அன்று ஜாக்சன், இராமநாதபுரத்துக்கு வந்து தன்னைப் பார்க்கும்படி கட்டபொம்மனுக்கு உத்தரவு அனுப்பினார். பிறகு தானே சுற்றுப்பயணம் கிளம்பிவிட்டார். குற்றாலத்திலும் திருவில்லிபுத்தூரிலும் காணப்போன கட்டபொம்மனுக்குப் பேட்டி மறுக்கப்பட்டது. செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கடைசியாகச் சந்திப்பு நடந்தபோது பாளையக்காரரை மூன்று மணி நேரம் நிற்கவைத்தே பேசினார் கலெக்டர். வெளியேற முயன்றபோது கோட்டை வாசலில் கைகலப்பு. லெப்டினன்ட் கிளார்க் இறந்தார். தம்பி ஊமைத்துரையின் உதவியோடு கட்டபொம்மன் தப்பினார். அவருடைய தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். இத்தனைக்கும் அப்போதைய பாக்கியில் பெரும்பகுதி கட்டப்பட்டுவிட்டது, மிச்சம் 1,080 வராகன்தான்.

கட்டபொம்மன் சென்னைக்கு முறையீடு அனுப்பினார். புதிதாக வந்திருந்த கவர்னர் எட்வர்டு கிளைவ், வில்லியம் பிரவுன், வில்லியம் ஓரம், ஜான் காசமேஜர் ஆகிய மூவரைக் கொண்ட குழு அமைத்தார். டிசம்பர் 15 அன்று கட்டபொம்மன் அந்தக் குழுமுன் வந்து நின்று பேசினார். அவர் குற்றமற்றவர் என்றே முடிவானது. ஜாக்சன் போனார், லூஷிங்டன் வந்தார்.

இந்த விசாரணையைக் கும்பினியின் நேர்மைக்குச் சான்றாகச் சொல்வோர் உண்டு. மூன்று அதிகாரிகள் தம் இனத்து அதிகாரிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது சிறிய செய்தி அல்ல. அதை மறைக்க வேண்டியதும் இல்லை. ஆனால் அவர்கள் கண்டித்தது ஒரு மனிதரின் நடத்தையை. கப்பமும், அதைக் கேட்கும் உரிமையும், பாளையம் என்ற அமைப்பையே ஒழிக்க வேண்டும் என்று சென்னையில் வளர்ந்துவந்த எண்ணமும் அப்படியே இருந்தன. ஆளை மாற்றினார்கள், வேலையை மாற்றவில்லை.

புதிய கலெக்டருக்கு வயது இருபத்து மூன்றுகூட நிரம்பவில்லை.

லூஷிங்டன் யாரையும் மணிக்கணக்கில் நிற்கவைத்ததாகப் பதிவு இல்லை. அவர் கடிதம் எழுதினார். வந்து பார்க்கும்படி கட்டபொம்மனுக்கு எழுதினார். பதிலில் தாமதமோ தயக்கமோ இருந்தால் அதைக் குறித்துக்கொண்டார். குறித்ததைச் சென்னைக்கு எழுதினார். ஒருமுறை இராமநாதபுரத்தில் பட்டபாட்டுக்குப் பின் இன்னொரு கலெக்டரின் அழைப்பை ஏற்றுத் தனியே போக ஒரு பாளையக்காரர் தயங்குவது இயல்பு. கச்சேரிக் கோப்பில் அந்தத் தயக்கம் கீழ்ப்படியாமை என்ற பெயரோடு ஏறியது. அதே மாதங்களில் சிவகங்கையின் மருது சகோதரர்களோடு கட்டபொம்மன் நெருங்கினார், சிவகிரிப் பாளையத்தில் தலையிட்டார். இவையும் கோப்பில் சேர்ந்தன.

ஆனால் கோப்பு எவ்வளவு தடித்தாலும் படை இல்லாமல் பயனில்லை. படையோ மைசூர்ப் போரில் இருந்தது. 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு சுல்தான் களத்தில் இறந்தார். அந்த முற்றுகையை நடத்திய தளபதி, லூஷிங்டனின் மாமனார் ஹாரிஸ். கைகள் ஓய்ந்த பட்டாளம் தெற்கே திரும்ப வழி பிறந்தது.

அந்த ஆகஸ்டில், 20-ஆம் தேதியிட்டு, லூஷிங்டன் எழுதிய அறிக்கை அவருடைய எழுத்துகளில் மிக முக்கியமானது. பொருள், பாளையக்காரர்களின் காவல் உரிமை. ஊருக்குள் நடக்கும் களவுக்குப் பொறுப்பேற்பது ஸ்தல காவல்; பல ஊர்களையும் பாதைகளையும் சேர்த்துக் காப்பது தேச காவல். பொருள் களவு போனால் காவல்காரர் மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடுகட்ட வேண்டும். அதற்குக் கூலியாகத் தானியமும் பணமும் ஊராரிடமிருந்து போகும். இந்த முறை, கொடுமையான பறிப்பாக மாறிவிட்டது என்பது லூஷிங்டனின் வாதம். பாளையக்காரர்கள் நவாப்பின் நேரடி ஊர்களில்கூடக் காவல் என்ற பெயரில் விரும்பிய தொகையைப் பறிக்கிறார்கள், மறுக்கும் ஊரில் கொள்ளையும் நெருப்பும்தான் என்று அவர் எழுதினார்.

அதில் பொய் மட்டுமே இருந்தது என்று தள்ளிவிட முடியாது. பாளையக்காரர்கள் ஒருவர் எல்லையில் ஒருவர் புகுந்து கதிர் அறுத்ததும் மாடு ஓட்டியதும் உண்மை. எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் இருந்த பகையில் நடுவே நசுங்கியவர்கள் சம்சாரிகள். அதே நேரத்தில், அறிக்கையை எழுதியவர் நடுநிலையாளர் அல்லர். காவல் கூலி கும்பினியின் கைக்கு வந்தால் வருவாய் எவ்வளவு கூடும் என்று கணக்கிடும் பொறுப்பில் இருந்தவர். இந்த இரண்டையும் சேர்த்து வாசிக்காதவர்கள்தான் பிற்காலத்தில் கட்டபொம்மனைக் கொள்ளைக்காரன் என்று எழுதினார்கள். தமிழ்வாணன் அந்தத் தலைப்பிலேயே ஒரு புத்தகம் வெளியிட்டு கட்டபொம்மனைப் போற்றிய ம.பொ.சி. போன்றோரின் எழுத்துக்கு நேர் எதிரான சித்திரத்தைத் தீட்டினார். அந்தச் சொல்லின் வேர், கலெக்டர் கச்சேரியின் மைக்கூட்டில் இருக்கிறது. 1812-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட புகழ்பெற்ற ஐந்தாம் அறிக்கை, தென்பாளையங்களைப் பற்றிப் பேசும்போது லூஷிங்டனின் எழுத்தையே சான்றாக எடுத்துக்கொண்டது. இருபத்து மூன்று வயது இளைஞர் அவசரத்தில் எழுதியது, ஒரு பேரரசின் அதிகாரபூர்வமான நினைவாக நிலைத்தது.

செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மேனின் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியது. மண்கோட்டைதானே என்று பெரிய பீரங்கிகள் வரும்வரை காத்திராமல் மோதிய படை, பல அதிகாரிகளை இழந்து பின்வாங்கியது. அன்று விழுந்த வெள்ளை அதிகாரிகளைப் புதைத்த இடம் ஓட்டப்பிடாரம். பாளையங்கோட்டையிலிருந்து மேலும் படையும் பீரங்கியும் வருவதற்குள் கட்டபொம்மன் கோட்டையைவிட்டு வெளியேறினார். கோலார்பட்டியில் நடந்த மோதலில் சிவசுப்பிரமணிய பிள்ளை மீண்டும் பிடிபட்டு, செப்டம்பர் 13 அன்று நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் காட்டில் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தார்கள். கயத்தாறில் மற்றப் பாளையக்காரர்கள் எல்லோரையும் கூட்டிவைத்து, அவர்கள் கண்ணெதிரே, பானர்மேன் தீர்ப்புச் சொல்லித் தூக்கிலிட்டார். முந்தைய டிசம்பரில் நடந்ததுபோல் குழு இல்லை, முறையீட்டுக்கு இடமில்லை.

தூக்குமேடை ராணுவத்தின் வேலை. அதற்குப் பின்னான வேலை கலெக்டருடையது, அதுதான் நீண்டகாலம் நின்றது. பாஞ்சாலங்குறிச்சி, ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகிய ஆறு பாளையங்கள் பறிமுதல் ஆயின. கோட்டைகள் இடிபட வேண்டும், ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று ஆணை. கும்பினி பக்கம் நின்ற எட்டயபுரமும் மணியாச்சியும் மேல்மாந்தையும் பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் பங்கு பெற்றன. எந்த ஊர் யாருக்கு, எவ்வளவு கப்பத்துக்கு என்ற பங்கீட்டில் ஒவ்வொரு கண்மாயும் ஒவ்வொரு கரிசல் காடும் எண்ணாக மாறியது.

1801 பிப்ரவரி 2 அன்று பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரையும் தோழர்களும் தப்பினார்கள். தரைமட்டமாக்கப்பட்டிருந்த கோட்டை ஒரு வாரத்துக்குள் எழுந்து நின்றது. தேடிவந்த மேஜர் மெக்காலேயின் படை திகைத்துத் திரும்பியதை அதில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக்குறிப்பில் வியப்போடு பதிந்திருக்கிறார். தூத்துக்குடிக் கோட்டையும் சிலகாலம் கிளர்ச்சிக்காரர் கைக்குப் போனது. மார்ச் 31-இல் நடந்த பெரிய தாக்குதலையும் பாஞ்சாலங்குறிச்சி முறியடித்தது. லெப்டினன்ட் கர்னல் அக்னியூ வந்து, மே 24 அன்றுதான் கோட்டை விழுந்தது. பதினெட்டு மாதங்களாக லூஷிங்டன் எழுதிவைத்த ஏற்பாடுகள் அத்தனையையும் மீறி, பாளையத்தின் ஜனங்கள் தங்கள் தலைவனின் தம்பிக்காக மண் சுமந்தார்கள். மக்கள் வெறுத்த கொள்ளைக்கூட்டம் என்ற கோப்பின் வாதத்துக்கு இதைவிட நேரான மறுப்பு வேறில்லை.

நவம்பர் 16-இல் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார். ஊரின் பெயரே பதிவேடுகளில் இருக்கக் கூடாது என்று உத்தரவானது. மருது சகோதரர்கள் அதற்கு முன்பே, அக்டோபர் 24 அன்று, திருப்பத்தூரில் மாண்டார்கள். பெரும் எண்ணிக்கையில் வீரர்கள் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவர். 1818-இல் பினாங்கு போன வெல்ஷ், உருக்குலைந்து நின்ற துரைசாமியை அங்கே கண்டார். அப்போது அந்தத் தீவின் கவர்னர், கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட அதே பானர்மேன்.

இடையில் 1801 ஜூலை 31 அன்று நவாப்பின் ஆட்சி உரிமை முழுதும் கும்பினிக்குப் போனது. திருநெல்வேலிச் சீமை முழுவதும் லூஷிங்டனின் பொறுப்பில் வந்தது. பாளையக்காரர்களின் காவல் உரிமை பறிக்கப்பட்டது. மிஞ்சிய பாளையங்கள் 1803-இல் நிலையான கப்பம் கட்டும் ஜமீன்கள் ஆயின. படையோடு இருந்த தலைவர்கள் நிலவாடகை வாங்கும் பிரபுக்களாக மாறினார்கள். லூஷிங்டன் தொடங்கிவைத்த அந்த அமைப்பு, விடுதலைக்குப் பின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும்வரை நீடித்தது. அழிந்த பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்தில் ஓட்டப்பிடாரம் தாலுகாவின் தலைமையிடம் ஆனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தூத்துக்குடியும் எட்டயபுரமும்கூட அந்தத் தாலுகாவுக்குள்தான் இருந்தன.

லூஷிங்டன் சில ஆண்டுகளில் இங்கிலாந்து திரும்பினார். 1807-இல் ரை தொகுதியிலிருந்து நாடாளுமன்ற உறுப்பினர். 1812 முதல் கான்டர்பரி. 1814-இல் கருவூலத் துறையின் நிதிச் செயலாளர். 1823 முதல் 1827 வரை அதே துறையில் உறுப்பினர்களைத் திரட்டுவதும் பதவிகளைப் பங்கிடுவதுமான பொறுப்பு. நம் வழக்கில் அரசுக் கொறடா. விசுவாசிகளுக்கு நிலம் பிரித்துக் கொடுத்துப் பழகிய கை, லண்டனில் விசுவாசிகளுக்கு உத்தியோகம் பிரித்துக் கொடுத்தது.

1827 அக்டோபரில் அவர் சென்னை மாகாண கவர்னராகத் திரும்பி வந்தார். மூன்று மாதங்களுக்கு முன் காலராவில் இறந்த தாமஸ் மன்றோவின் இடம் அது. மன்றோ குடியானவனோடு நேரே பேசி வரி நிர்ணயித்த மனிதர் என்று பெயர் எடுத்தவர். லூஷிங்டனுக்கு அந்த மாதிரிப் பெயர் அமையவில்லை. அவருடைய ஐந்தாண்டு ஆட்சியின் கண்ணுக்குத் தெரியும் மிச்சம் நீலகிரியில் இருக்கிறது. கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் உதகையைக் கண்டு வளர்த்தார் என்றால், அதை வெள்ளையரின் உடல்தேற்றும் மலைவாசமாக்கியவர் லூஷிங்டன். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, 1830-இல் நீலகிரியின் ஒரு பகுதி சல்லிவனின் கோயம்புத்தூரிலிருந்து பிரிக்கப்பட்டு மலபாரோடு சேர்க்கப்பட்டது. குன்னூர் மலைப்பாதை அவர் காலத்து வேலை. உதகையின் புனித ஸ்டீபன் ஆலயத்துக்கு 1829-இல் அடிக்கல் இட்டவரும் அவரே. அந்த ஆலயத்தின் பெரிய உத்தரங்கள், சீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையைப் பிரித்து ஏற்றி வந்த மரங்கள். மாமனார் வென்ற ஊரின் மரத்தில் மருமகன் கோயில் கட்டினார்.

அவர் கவர்னராக இருந்த 1830-இல் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்து, அரசுக்கு ஏறக்குறைய 10,000 பவுன் வருவாய் தந்தது. அதன் பின் முத்துச்சிப்பித் திட்டுகளான பார்களைச் சோதிக்க அதிகாரிகள் பலமுறை கடலுக்குள் போயும் போதிய சிப்பி இல்லை. முப்பது ஆண்டுகள் குளிப்பே நடக்கவில்லை. கரையில் பரதவர் குடும்பங்கள் பட்ட பாடு எந்தக் கவர்னரின் வாழ்க்கை வரலாற்றிலும் இடம்பெறவில்லை.

1832-இல் லூஷிங்டன் ஊர் திரும்பினார். 1840-இல் மாமனார் ஹாரிஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். 1868-இல், தொண்ணூற்றிரண்டு வயதில், படுக்கையில் இறந்தார். கட்டபொம்மன் வாழ்ந்தது முப்பத்தொன்பது ஆண்டுகள்.

லூஷிங்டன் இறந்த நான்காம் ஆண்டு, 1872-இல், ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சிதம்பரம் பிள்ளை பிறந்தார். இளமையில் ஓட்டப்பிடாரம் தாலுகா ஆபீசில் கொஞ்சகாலம் எழுத்தர் வேலையும் பார்த்தார். பறிமுதல் செய்த பாளையத்தின் மேல் எழுந்த வருவாய் நிர்வாகத்தின் கடைசிப் படிக்கட்டு அது. அங்கே நிற்காமல் சட்டம் படித்து, கப்பல் ஓட்டி, 1908-இல் அதே நிர்வாகத்தின் உச்சியில் இருந்தவர்களால் சிறைக்குப் போனார்.

கொடூரமான அதிகாரியைக் கதையாக்குவது எளிது; அவன் கத்துவான், மேசையைக் குத்துவான், மேடையில் எடுபடுவான். அமைதியாக எழுதும் அதிகாரி மேடைக்கு உதவமாட்டான். ஜாக்சனின் அவமதிப்பு ஒரு பிற்பகல் நீடித்தது. லூஷிங்டனின் கணக்கு ஒன்றரை நூற்றாண்டு நீடித்தது. அவரை அரக்கனாகச் சித்திரிக்க அவசியமில்லை. தன் அரசு கேட்டதை, கேட்டதற்கும் மேலாக, ஒழுங்காகச் செய்தவர் அவர். அந்த ஒழுங்கின் விலையைக் கொடுத்தவர்கள் இந்த மண்ணில் இருந்தவர்கள்.

1974-இல் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை எழுப்பியது. பேராசிரியர் கே.ராஜய்யன் ஆவணக் காப்பகங்களில் உழைத்து 1800-1801 கிளர்ச்சியின் வரலாற்றை எழுதினார், நா.வானமாமலை கட்டபொம்மு கதைப்பாடலைப் பதிப்பித்தார். மிச்சமிருப்பது ஒரு பெரிய வேலை. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அந்தக் காலத் திருநெல்வேலிச் சீமையின் கலெக்டர் கடிதங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. 1798 முதல் 1803 வரையிலான கடிதங்களையேனும் தமிழில் பெயர்த்து, குறிப்புகளோடு, மலிவு விலையில் அரசு வெளியிட வேண்டும். ஒரு படி ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த இல்லத்து நூலகத்திலும், ஒரு படி பாஞ்சாலங்குறிச்சி நினைவுக் கோட்டையிலும் இருக்க வேண்டும்.